டீயில் ஊறிய டயல்

அப்பாவின் ஹெச்எம்டி ஜனதா வாட்சை நான்தான் கெடுத்தேன். முதலில் ஒரு தடவை. அப்புறம் அதைச் சரிசெய்யப் போய் இன்னொரு தடவை.

முதல் தடவை நடந்தது இப்படி. அப்பா போன பிறகு அலமாரியில் கிடந்த வாட்சை சர்வீசுக்குக் கொடுத்தேன். வெள்ளை டயல் பழுத்த பூவரச இலை மாதிரி மஞ்சளாகியிருந்தது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் எப்போதோ தண்ணீர் இறங்கிய தடம். "டயலைப் புதுசாப் பண்ணிடலாமா சார்?" என்றார் கடைக்காரர். யோசிக்காமல் சரி என்றேன். பத்து நாள் கழித்துக் கைக்கு வந்தது பளீரென்று ஒரு வெள்ளை டயல். எழுத்தெல்லாம் ஒரு சுற்று தடிமன், நிமிஷக் கோடுகள் எண்களுக்கு நேராக உட்காரவில்லை. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே தகட்டில் மறுபடி அச்சடித்திருந்தார்கள். அம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரோடது?" என்று கேட்டார்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டுத்தான் செய்தார். நம் நாட்டில் இது பல வருஷமாக நடக்கிற தொழில். பழைய வாட்சைப் பிரித்துக் கழுவி, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, பச்சை, ஆரஞ்சு என்று அது பிறந்தபோது இல்லாத நிறமெல்லாம் கொடுத்து விற்பார்கள். வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஹெச்எம்டி, ஃபேவர் லூபா, சீகோ 5 எதுவும் தப்பவில்லை. வாங்குகிறவன் புதுசைத்தான் கேட்டான், விற்கிறவன் புதுசாக்கிக் கொடுத்தான்.

இப்போது அதே வாங்குகிறவன் பழசு கேட்கிறான். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய ஹெச்எம்டியின் வாட்ச் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. இனி வராது என்ற பேச்சு வந்ததும் ஜனதாவுக்கும், பைலட் என்ற இன்னொரு ஹெச்எம்டி மாடலுக்கும் தனி மவுசு வந்துவிட்டது. கறைபடிந்த டயலுக்குத்தான் இப்போது விலை. அதனால் நேற்றுவரை கறையைச் சுரண்டிய தொழிலில் இன்று கறையை ஏற்றவும் கற்றுக்கொள்கிறார்கள்.

எப்படி ஏற்றுகிறார்கள் என்பது தனிக் கதை. கறுப்பு டயலை ஓவனில் வைத்துச் சூடுகாட்டினால் பழுப்பாக மாறும் என்று முயல்கிறார்கள். பாதி டயல்கள் கொப்புளம் கட்டிக் குப்பைக்குப் போகும். முள்ளில் இருக்கும் ஒளிரும் பூச்சைச் சுரண்டிவிட்டு, வாட்டர் கலர் கலந்த புதுப் பூச்சைக் குச்சி முனையால் நிரப்புவார்கள். டைவர் வாட்சின் டயலைச் சுற்றியிருக்கும் அலுமினிய வளையத்தை (பெசல்) ப்ளீச்சில் போட்டால் கறுப்பு மெல்லச் சாம்பலாகும். கொஞ்சம் அசந்தால் வெறும் தகடுதான் மிஞ்சும். வாட்சின் கூடு, அதாவது கேஸ், வெண்கலம் என்றால் அவித்த முட்டை. முட்டையை உடைத்து வாட்சோடு ஒரு கவரில் கட்டி வைத்தால், அதிலிருந்து வரும் கந்தக வாயு ஒரே ராத்திரியில் கேஸைக் கறுக்க வைத்துவிடும். கவரைத் திறக்கும்போது வீட்டில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் பழுப்பேறிய கறுப்பு டயலுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'டிராபிக்கல் டயல்'. வெப்பமண்டல டயல். அதாவது நம் ஊர் டயல்! எனக்குச் சிரிப்பு வரும். சென்னையில் முப்பது வருஷம் கையில் கிடந்த வாட்ச் சாக்லேட் நிறமாகி நான் பார்த்ததே இல்லை. வேர்வை உள்ளே இறங்கி டயல் பொரிப்பொரியாகக் கிளம்பியிருக்கும், ஸ்ட்ராப் மாட்டும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், பின்மூடியை உப்பு அரித்திருக்கும். இந்த மூப்பை யாரும் ஓவனில் வைத்து வரவழைப்பதில்லை. படத்தில் அழகாக விழுகிற மூப்பை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறோம். இதில்தான் எனக்கு எரிச்சல், ஏமாற்று என்பதுகூட அப்புறம்தான்.

ஏமாற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சுவிட்சர்லாந்தின் ஒமேகா வாட்ச் கம்பெனியின் கதை போதும். அதன் 1957 ஸ்பீட்மாஸ்டர் மாடல் வாட்ச் ஒன்று, அழகாகப் பழுப்பேறிய டயலோடு, 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தது. அதிகபட்சம் 1,20,000 ஸ்விஸ் பிராங்க் போகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். போனது 31 லட்சத்துக்கும் மேல். வாங்கியது யார்? ஒமேகாவேதான், தன் மியூசியத்துக்காக. 2023இல் அந்தக் கம்பெனியே வெளியே வந்து சொன்னது: அது பல வாட்சுகளின் பாகங்களைக் கோத்துச் செய்தது, தன் முன்னாள் ஊழியர்கள் மூன்று பேருக்கு அதில் பங்கு உண்டு. செய்த கம்பெனியே தன் வாட்சை நம்பி ஏமாந்தது என்றால், நானும் நீங்களும் எந்த மூலை?

நம் ஊரில் இருட்டில் மின்னுவதெல்லாம் ரேடியம்தான். வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைகூட 'ரேடியம் கடை'. ஆனால் அசல் ரேடியம் பூசிய வாட்சுகள் உண்மையிலேயே இருந்தன. 1920களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டயலுக்குப் பூச்சு தீட்டிய இளம்பெண்கள், தூரிகை முனை கூராக வேண்டும் என்பதற்காக அதை உதட்டில் வைத்துத் தீட்டினார்கள். பலர் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருஷம். கூடக் கலந்திருந்த துத்தநாக சல்பைடு அதற்குள் களைத்துப்போய் ஒளிர்வதை நிறுத்திவிடும், நிறம் தேன்போல மாறும். அப்படிப்பட்ட வாட்ச் பல வருஷம் ஓடாமல் கிடந்தால், முள் நின்ற இடத்துக்குக் கீழே டயலில் அதன் நிழல் மாதிரி ஒரு கருகல் விழுந்திருக்கும். படத்தில் பார்த்தபோதே எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கு வாட்சுகளில் போடும் சூப்பர் லூமினோவா என்ற ஒளிரும் பூச்சில் 'ஓல்ட் ரேடியம்' என்றே ஒரு நிறம் கிடைக்கிறது. அதில் ரேடியம் பொட்டுக்கூட இல்லை, அந்தத் தேன் நிறம் மட்டும்தான். பெயரையாவது மாற்றியிருக்கலாம்.

ஆனாலும் அந்தப் பூச்சைப் போட்டு விற்கும் கம்பெனிகள் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஒமேகா 2017இல் தன் 1957 வாட்சுகளை மறுபடி வெளியிட்டபோது அப்படித்தான் செய்தது. புதுசு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். முட்டி கிழிந்த ஜீன்ஸ் வாங்குகிற மாதிரிதான்.

பழைய வாட்சில் முள்ளின் பூச்சு உதிர்ந்துபோய், டயலின் நிறத்துக்குத் தோதாக நிரப்புவதும் எனக்குச் சரிதான். வெள்ளையாக நிரப்பினால் கிழவர் வாயில் புதுப் பல்செட் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். ஆனால் செய்ததை எழுதிவைக்க வேண்டும். எங்கே? அதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. வாட்ச் மெக்கானிக்குகளிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. சர்வீஸ் முடித்து மூடும்முன் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் தேதியோ தங்கள் குறியோ கீறிவைப்பார்கள். கண்ணில் லென்ஸ் மாட்டினால்தான் தெரியும். டயலுக்குச் சூடுகாட்டியவரும் முள்ளுக்கு நிறம் ஏற்றியவரும் அங்கே ஒரு வரி கீறட்டும். எத்தனாவது கைக்கு மாறினாலும் அந்த வரி வாட்சோடு போகும். வாங்குகிறவர்களும் டயலைப் பார்ப்பதற்கு முன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லட்டும். கீறத் தயங்குகிறவர் எதற்காகத் தயங்குகிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் தடவைக்கு வருகிறேன். அம்மா கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முள்ளைக் கழற்றி, டயலைப் பிரித்து, கெட்டியான கட்டன் டீயில் போட்டேன். நாலு மணி நேரம் கழித்து எடுத்தபோது நிறம் ஏறியிருந்தது, நடுவில் மட்டும், திட்டுத் திட்டாக. மெதுவாகப் பஞ்சால் ஒற்றினேன். டயலில் அச்சடித்திருந்த '17 ஜுவல்ஸ்' என்ற எழுத்து மொத்தமாகப் பஞ்சோடு வந்துவிட்டது. மறு அச்சின் தரம் அவ்வளவுதான். 'ஜனதா'வில் பாதி மிச்சம்.

அப்படியே மாட்டிவிட்டேன். பின்மூடிக்குள் ஏற்கெனவே மூன்று கீறல்கள் இருந்தன. இரண்டு குறிகள் எனக்குப் புரியவில்லை, ஒன்று 1984. அவற்றுக்குக் கீழே தையல் ஊசியால் நானும் கீறினேன்: 'டயல் மறு அச்சு. டீ என் வேலை.' சாவி கொடுத்தால் ஓடுகிறது, ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம் வேகமாக.