காந்தி ரோட்டில் தெரியும் வெளியுறவுக் கொள்கை

வல்லரசு என்றாலே நம்மவர்களுக்கு ஏவுகணையும் போர்க்கப்பலும்தான். வேலூர்க்காரர்களுக்கு அந்த மயக்கம் இருக்கவே கூடாது. சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் காந்தி ரோட்டில் ஒரு நடை போய் வாருங்கள். லாட்ஜ் போர்டில் வங்காள எழுத்து, மெஸ்ஸில் கடுகெண்ணெய் மீன் குழம்பு, "கொத்தாய் ஜாபேன்?" என்று சவாரி கேட்கும் ஆட்டோ அண்ணன். வரும் நோயாளிகளில் பாதிக்கு மேல் மேற்கு வங்கத்துக்காரர்களாகவே இருக்கட்டும். நகையை அடகு வைத்து டாக்காவிலிருந்து வருகிறவர்களும் உண்டு. யாரும் மிரட்டிக் கூப்பிடவில்லை. அங்கே போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவர்களாக வருகிறார்கள். அமெரிக்க அரசியல் அறிஞர் ஜோசப் நை 'மென் அதிகாரம்' என்றது இந்த மாதிரி ஈர்ப்பைத்தான். (1900இல் ஒற்றைப் படுக்கையோடு இந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண். பலன் இந்தியாவுக்கு!)

பண பலம் எப்படி வலிக்கும் என்று ஆம்பூரில் கேளுங்கள். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. எண்ணெய் வாங்கியது யாரோ, ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் போவது ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்காரும் பெண்ணுக்கு.

அதிகாரத்தில் இன்னொரு வகை, அரண்மனைக்குள் ஆள் பிடிப்பது. 1803இல் இலங்கையின் கண்டி ராஜ்ஜியத்துக்குப் படையோடு போன ஆங்கிலேயர் அடி வாங்கினார்கள். 1815இல் அரசனோடு பகைத்த பிரதானிகளைக் கைக்குள் போட்டுக்கொண்டு கண்டியைப் பிடித்தார்கள். அந்த ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் நம்ம வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் செத்தான், சமாதி பாலாற்றங்கரையில்.

வங்கதேசத்தில் டெல்லி நம்பியதும் அரண்மனையைத்தான். 2024 ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா பதவியிழந்து இந்தியாவுக்கு ஓடி வந்ததோடு அந்தப் பிடி ஒரே நாளில் போனது. மிச்சமிருந்தது மக்களின் நம்பிக்கை. அதையும் விட்டுவைக்காமல் விசாவைச் சுருக்கினோம். மருத்துவ விசா அடியோடு நிற்கவில்லை, சொட்டுச் சொட்டாக வந்தது. பாதுகாப்பு, ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொன்னார்கள். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் 2025 மார்ச்சிலேயே வங்கதேச நோயாளிகளின் முதல் குழு சீனாவின் குன்மிங் நகரத்தில் போய் இறங்கிவிட்டது. ஒரு தோட்டா செலவில்லாமல், நாம் காலி செய்த இடத்தில் சீனா நாற்காலி போட்டுக்கொண்டது.

சந்தேகம் இருந்தால் ஆளை விசாரியுங்கள், ரிப்போர்ட்டைச் சரிபாருங்கள். டாக்காவில் யார் ஆட்சி என்பது மட்டும் மருத்துவ விசா கவுன்டரில் ஒரு கேள்வியாகவே வரக் கூடாது.