பள்ளியில் சேர கைரேகை கட்டாயமில்லை

"கைரேகை பதியாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். ஆதார் வழக்கில் தீர்ப்பு சொன்னது நேர் எதிர். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை, பிள்ளைக்கு ஆதார் எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், 18 வயதானதும் விரும்பினால் விலகிக்கொள்ளலாம்: 2018 செப்டம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு இதுதான். 5 வயதுக்குள் ஆதார் எடுத்தால் கைரேகையே பதிவதில்லை.

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சில குடும்பங்களின் ஆதாரில் இன்னும் பொள்ளாச்சி முகவரிதான். இப்படி எழுதினால் அந்த அம்மாக்கள் பயந்துபோய் பள்ளி வாசலுக்கே வர மாட்டார்கள். அப்புறம், கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். ஆறு வயதுப் பிள்ளையின் ரேகை திருடுபோனால் அதை எப்படி மாற்றுவது? தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.