ஜன்னலைத் திறந்துவிட்டால் புகை போய்விடுமா?

"ஜன்னல் ஓரமா நின்னுதானே பிடிக்கிறேன்!" வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பவர்கள் எல்லோரிடமும் இந்தச் சமாதானம் தயாராக இருக்கும். காற்று உள்பக்கமாக அடித்தால் அந்தப் புகை நேராக அடுத்த அறைக்குத்தான் போகும்.

அறையில் சேரும் புகையில் ஊதிவிடுவது கொஞ்சம்தான். ஆஷ்டிரேயில் வைத்த சிகரெட்டின் நுனி சும்மா கனன்றுகொண்டிருக்கிறதே, பெரும்பங்கு அதிலிருந்து வருகிறது. இழுக்கும்போது நுனியின் சூடு ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ். சும்மா கனலும்போது 600 சொச்சம். சூடு குறைந்தால் அரைகுறையாக எரியும், அதே அளவு புகையில் நச்சு கூடும். அது ஃபில்டர் வழியாகவும் வருவதில்லை. (ஃபில்டர் பெரிதாக யாரையும் காப்பாற்றிவிடவில்லை, அது வேறு கதை.)

புகைத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கண்ணுக்கு மறைந்த பிறகும் மணிக்கணக்கில் மிதக்கும். ஸ்ப்ளிட் ஏசி அறைக்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவிடும். ஏர் ப்யூரிஃபையரின் ஹெபா ஃபில்டர் துகளைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். கரி ஃபில்டர் கொஞ்சம் உறிஞ்சும், நிரம்பியதும் கைவிரித்துவிடும். ரூம் ஸ்ப்ரே மூக்கை ஏமாற்றுவதோடு சரி.

இந்தப் புகையைத் தொடர்ந்து சுவாசிக்கும், சிகரெட் பிடிக்காதவர்களுக்கு இதய நோய் அபாயம் 25 முதல் 30 சதவீதமும், நுரையீரல் புற்றுநோய் அபாயம் 20 முதல் 30 சதவீதமும் கூடுதல் என்றது அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரான சர்ஜன் ஜெனரலின் 2006 அறிக்கை. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்ல எந்த அளவுமே கிடையாது என்றும் சொன்னது. கைக்குழந்தை என்றால் தூக்கத்தில் திடீர் மரணம், காதில் சீழ், ஆஸ்துமா.

சுவரில் படிந்ததைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பல வருஷம் சிகரெட் பிடித்த அறையில் மாட்டியிருக்கும் படத்தைக் கழற்றிப் பாருங்கள்: படம் இருந்த சதுரம் மட்டும் வெள்ளையாக இருக்கும், சுற்றிலும் மஞ்சள். அந்தப் படிவில் உள்ள நிகோடின், காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களாக மாறுவதை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் 2010இல் காட்டினார்கள். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையைத்தான் வாயில் வைக்கும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குக் குடிபோகிறீர்களா? முதலில் திரைச்சீலை, கம்பளம், மெத்தை எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். துவைக்க முடியாததைத் தூக்கிப்போடுவதுதான் உத்தமம். நிகோடின் காரத்தன்மை உள்ளது, அதனால் வினிகரும் வெந்நீரும் சரிபாதி கலந்து, கையுறை போட்டுக்கொண்டு, கீழிருந்து மேலாகச் சுவரைத் துடையுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் கோடு கோடாகக் கறை விடும். துணி டீ நிறமானதும் மாற்றிவிடுங்கள். வினிகரோடு பிளீச்சிங் திரவத்தைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். காய்ந்ததும் கறையை அடைக்கும் ப்ரைமர், அதன்மேல்தான் பெயின்ட். நேராகப் பெயின்ட் அடித்தால் மஞ்சள் மறுபடி ஊறி வெளியே வரும். ஓசோன் மெஷின் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஓசோன் நிகோடினோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடும் நுண்துகளும் கிளப்பும்.

பிடிப்பவர் வெளியே போய்ப் பிடித்தாலும் கடைசி இழுப்புக்குப் பிறகு சில மூச்சுகளில் புகை வந்துகொண்டேதான் இருக்கும். கதவுக்கு வெளியிலேயே ரெண்டு மூணு நிமிஷம் நின்றுவிட்டு வரட்டும். கையைக் கழுவி, சட்டையை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்கட்டும்.