வாய்க்காலில் இறங்க ஆதார் எதற்கு?

குடமுருட்டிக் கிளை வாய்க்காலில் ஆகாயத்தாமரை அள்ளப் பெயர் கொடுத்த பிள்ளைகளின் பட்டியல், பதியும்போது வாங்கிய ஆதார் படம் முதலான விவரங்களோடு, இளைஞர் அமைப்பின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி கிடந்தது. அதைச் சுட்டிக்காட்டியதற்கு என்னை ‘ஊரில் நல்லது நடந்தால் பொறுக்காதவர்’ என்று பேசினார்கள். 3 நாட்களாக நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். பேச்சு முழுவதும் என் குணத்தைப் பற்றியே போய்விட்டதால், கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கிறேன். வாய்க்காலில் இறங்க வந்த 15 வயதுப் பிள்ளையின் ஆதார் அட்டைப் படம் உங்களுக்கு எதற்கு?

பெயர் வேண்டும், சரி. தண்ணீரில் இறங்கும் வேலை என்பதால் வீட்டுப் பெரியவர் ஒருவரின் கைபேசி எண்ணும் வேண்டும். ரத்தப் பிரிவைக்கூட ஒப்புக்கொள்கிறேன். பிறந்த தேதி, பள்ளி, தெருவோடு கூடிய முகவரி, தந்தையின் தொழில், முகப்படம், ஆதாரின் இரண்டு பக்கங்கள் ஆகியவற்றில் ஒன்றுகூட அந்த வேலைக்குத் தேவைப்படாது. தெருவின் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் ஊர்கள் நம்முடையவை. ஒரு பெண்பிள்ளையின் படமும் பள்ளியும் தெருவும் கைபேசி எண்ணும் ஒரே வரியில் கிடந்தால் என்னென்ன நடக்கலாம் என்பதை டெல்டாவில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சேவை செய்கிறவர்களிடம் சட்டம் பேசலாமா என்கிறார்கள். பேசத்தான் வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்கத்தக்க வகையில் பெற்ற பிறகே அவர்களுடைய விவரங்களைக் கையாள வேண்டும் என்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். தொலைவழி மருத்துவச் செயலி ஒன்று கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்டு, நாமும் சரி என்று அழுத்திவிட்டாலும், மருத்துவத்துக்கு அவை தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் செல்லாது என்று சட்டமே எடுத்துக்காட்டுத் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள் ஆகும் என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். உண்மைதான். அந்த 18 மாதங்களும் பிள்ளைகளின் ஆதாரைத் திறந்து போட்டுவைப்பதற்காகவா?

அந்தத் தளத்தில் தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கம் இருக்கிறது. முழுவதும் ஆங்கிலம், வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்புவது எப்படி என்பதுகூட அதில் எழுதியிருக்கிறது. எந்தக் கடையிலிருந்து எடுத்து ஒட்டினார்களோ. பெற்றோரில் ஒருவரும் அதைப் படித்திருக்க முடியாது. அறிவிப்பைத் தமிழிலும் பெறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

நான் குற்றமற்றவன் என்று சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்த பிறகு, வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் தார்ப்பாய் கொடுப்பதற்காக நோட்டுப் புத்தகத்தோடு வீடுவீடாகப் போனவன் நான். பெயர், குடும்ப அட்டை எண், கைபேசி எண் எல்லாம் எழுதினேன். கூரையில்லாத வீட்டு வாசலில் நின்ற ஒரு அம்மா, “இதெல்லாம் எங்க தம்பி போவும்?” என்று கேட்டார். “எங்ககிட்டதாம்மா இருக்கும்” என்றேன். அந்த நோட்டை இன்னொரு குழு படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது. பொங்கல் கழிந்த சில வாரங்களில், குழுக்கடன் கொடுப்பவர்கள் அந்த வீடுகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினார்கள். எங்கள் பட்டியலிலிருந்துதான் எண்கள் போயின என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்று அந்த அம்மாவிடம் சொல்லவும் என்னால் முடியவில்லை. அதனால்தான் கேட்கிறேன், பொறாமையால் அல்ல.

எண்கள் ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கின்றன என்பவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ‘சம்பளம் வாங்காமல் உழைக்கும் பையன்களின் மனத்தை உடைக்கிறீர்கள்’ என்ற வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. மேட்டூர் திறப்பதற்குள் வாய்க்கால் சுத்தமாக வேண்டும் என்று அவர்கள் இடுப்பளவுச் சேற்றில் நின்றபோது மண்வெட்டிக்குப் பணம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அவர்கள் என் பிள்ளைகள் மாதிரி. அந்தப் பட்டியலில் இருப்பவர்களும் அப்படித்தான். அவர்களில் ஒருத்தி என் அக்கா மகள்.

பணி முடிந்த வாரத்திலேயே நீட் பயிற்சி மையம் என்று சொல்லி அவளுக்கு 4 அழைப்புகள் வந்தன. பெயரும் பள்ளியும் சொல்லிக் கேட்டார்கள். அவள் விவரங்களை நீக்கச் சொல்லி அக்கா பேசியபோது, ‘பதிந்ததை எடுக்கத் தளத்தில் வசதி இல்லை அக்கா’ என்று பதில் வந்தது. சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பதிய 2 நிமிடம் போதுமாக இருந்தது. இப்போது பட்டியலுக்கான இணைப்பை முகப்பிலிருந்து மறைத்துவிட்டு, சரிசெய்துவிட்டோம் என்று அறிவித்திருக்கிறார்கள். பழைய முகவரியை வைத்திருப்பவர்களுக்கு அது இன்னும் திறக்கிறது. நேற்றிரவு 11 மணிக்கு நானே திறந்து பார்த்தேன்; 43ஆவது வரியில் அவள் பெயர் இருந்தது.