மே மாதம் வேண்டாம், ஆடியில் வையுங்கள்
ஊட்டியில் கோடை விழாவோடு சேர்த்து, ஒரே விலையில் மூன்று வகை உணவு தரும் ‘உணவக வாரம்’ நடத்தலாம் என்கிறது கட்டுரை. யோசனை நல்லது, மாதம்தான் சரியில்லை. 1992-ல் நியூயார்க்கில் இது தொடங்கியபோது ஆண்டையே விலையாக்கி மதியச் சாப்பாட்டை 19.92 டாலருக்குக் கொடுத்தார்கள். இன்றும் அங்கே கூட்டம் குறையும் நாட்களைப் பார்த்துத்தான் நடத்துகிறார்கள். இங்கே மலர்க் கண்காட்சி சமயத்தில் உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடு. குன்னூரில் புதிதாகத் திறந்த ஓர் உணவகத்துக்கு இப்படி ஒரு மே மாதச் சலுகையில் குடும்பத்தோடு போனோம். சூப், பனீர், ஐஸ்கிரீம், அவ்வளவுதான். அந்த இடத்துக்குப் பேரே நீலகிரிப் படுகர் மக்களின் சமையலான அவரை உதக்கவும் (அவரைக் குழம்பு) ராகிக் களியும்தான். கேட்டதற்கு, கூட்டம் அதிகம், சலுகை மெனுவில் அது கிடையாது என்றார்கள். அதைச் சாப்பிடாமல் அந்தச் சமையலறையை எப்படித் தெரிந்துகொள்வது? ஆடி மழையில் பாதி மேசைகள் காலியாகக் கிடக்கும்போது நடத்தினால், பொறுமையாகச் சமைத்துப் போட முடியும். ‘மழையில் யார் வருவார்கள்’ என்று மேலே ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். உள்ளூர்க்காரர்கள் நாங்கள் இருக்கிறோமே, குடையோடு வருவோம்.