கஞ்சன்ஜங்கா யாருடையது: ஒரு திருத்தம்
கஞ்சன்ஜங்கா முழுவதும் நேபாளத்துக்குள் இருப்பதாகவும், ஆகவே நந்தாதேவியே இந்தியாவின் மிக உயரமான சிகரம் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்காவின் ஐந்து முடிகளில், முதன்மை முடி உட்பட மூன்று, நேபாள–சிக்கிம் எல்லைக்கோட்டின் மீதே நிற்கின்றன. மற்ற இரண்டு மட்டுமே நேபாளத்துக்குள் அடங்கும். 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவிக்கு, முழுமையாக இந்திய எல்லைக்குள் அமைந்த சிகரம் என்ற வகையில்தான் உயரத்தில் முதலிடம். சிக்கிம் 1975இல்தான் இந்திய மாநிலமானது என்பதால், பழைய பட்டியல்களைப் பார்ப்பவர்களுக்கு இக்குழப்பம் நேர்வது இயல்பே. சிக்கிம் மக்களுக்கோ கஞ்சன்ஜங்கா தெய்வம் உறையும் மலை. 1955 மே 25 அன்று நேபாளப் பக்கமிருந்து முதன்முதலில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும்கூட, சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்கை மதித்து, உச்சியை மிதிக்காமல் சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள்.