ஷோப்பன் சாண்டின் மடியில் உயிர்விட்டாரா?

போலந்து இசைமேதை ஷோப்பன் பல ஆண்டுகள் பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டைத் துரத்தித் துரத்திக் காதலித்தார், ஸ்பெயினின் மயோர்கா தீவின் மடாலயத்தில் அவர் மடியிலேயே உயிர்விட்டார் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1836-இல் பாரிஸில் இருவரும் சந்தித்தபோது ஷோப்பனுக்கு சாண்டைப் பிடிக்கவில்லை. ஆண்களைப் போல உடுத்தி, சுருட்டுப் பிடித்து, நினைத்ததைப் பேசிய அவரைக் கண்டு, கூச்ச சுபாவமுள்ள ஷோப்பன் ஒதுங்கினார். நெருங்கி வந்தவர் சாண்ட்தான். 1838-இல் ஷோப்பனின் நண்பர் கிஷிமாவாவுக்கு அவர் எழுதிய மிக நீண்ட கடிதம் அச்சிலேயே இருக்கிறது. ஷோப்பனின் மனம் வேறொரு பெண்ணிடம் இருந்தால் தான் விலகிவிடத் தயார் என்கிறார் அதில். தன் ஆசையை மறைக்காமல், அடுத்தவர் மனத்தையும் மதித்துக் கேட்ட அந்தத் துணிவைத்தான் இந்தச் செய்தி அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

மயோர்காவின் வால்டெமோசா மடாலயத்தில் ஷோப்பன் கடுமையாக நோயுற்றது உண்மை. ஆனால் 1839 பிப்ரவரியில் இருவரும் தீவைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். 1847-இல் சாண்டின் மகள் திருமணத்தையொட்டிய குடும்பச் சண்டையில் உறவு முறிந்தது. 1849 அக்டோபர் 17 அன்று பாரிஸில் ஷோப்பன் இறந்தபோது அவருடைய அக்கா லுத்விகா உடனிருந்தார், சாண்ட் இல்லை.

சாண்டின் கடிதத் தொகுப்பிலும், ஷோப்பனின் நம்பகமான எந்த வாழ்க்கை வரலாற்றிலும் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு யாருக்கும் அனுப்பாதீர்கள்.